பத்து புள்ளி எட்டு

மதகடிப்பட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாக் கடைக்காரர்களும் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரமாகப் பார்த்து, எங்கள் அரிசி மண்டியில் பழைய தராசு தொங்கிய கொக்கியில் மூட்டை தைக்கும் நூலைக் கட்டி, அதன் நுனியில் ஓர் இரும்பு எடைக்கல்லைத் தொங்கவிட்டேன். எலக்ட்ரானிக் தராசு வந்ததிலிருந்து அந்தக் கல் சும்மா கிடக்கிறது. என் கதையும் ஏறக்குறைய அதுதான். பி.எஸ்சி. இயற்பியல் மூன்று வருஷமும் முடித்துவிட்டேன். முதல் வருஷத்து மெக்கானிக்ஸ் பேப்பர் மட்டும் அரியராக நின்றுகொண்டு, டிகிரியைக் கையில் தரமாட்டேன் என்கிறது.

இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் ஊற்றிக்கொண்டது. காரணம் எனக்கே தெரியும். நான் மெக்கானிக்ஸைப் படிக்கவில்லை, ஒப்பித்தேன். கேள்வித்தாளில் எக்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஒய் இருந்தால் என் கை ஓடாது. ஊசல் கணக்கில் சைன் தீட்டா ஏன் திடீரென்று வெறும் தீட்டா ஆகிறது என்று யாராவது கேட்டிருந்தால், ஜெயா மேடம் போர்டில் சைனை அழித்தார், நானும் அழித்தேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கடைசி வருஷம் படிக்கும்போதே கல்யாணம் ஆகிவிட்டது. அதன் பிறகு, மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, பரீட்சை பயம் இல்லாமல் அதே புத்தகத்தைப் புரட்டியபோதுதான் ஒருநாள் புரிந்தது. ஊசல் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு பலமாக அது திரும்ப இழுக்கப்படுகிறது. அந்தச் சமன்பாடு சொல்வது அவ்வளவுதான். நான் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் நடப்பதும் அதுதானே. பாகூர் வரை போனால் வீட்டுக்காரரிடமிருந்து போன் வரும். செலியமேட்டுக்கே போய்விட்டால் பைக்கை எடுத்துக்கொண்டு ஆளே வந்து நிற்பார். முழு டெரிவேஷனையும் புத்தகத்தைப் பார்க்காமல் முதல்முறையாக நானே எழுதி முடித்தேன். எழுதிய பிறகும் நம்பிக்கை வரவில்லை. இரண்டு தடவை தோற்றவளுக்கு அவ்வளவு சீக்கிரம் வந்துவிடாது.

அதனால்தான் இந்தக் கல்லும் நூலும். அரியர் பரீட்சைக்குப் பதிவு செய்ய மறுநாள் திங்கட்கிழமை கடைசி நாள். என் கணக்கை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு வந்தால் பதிவு செய்வது, வராவிட்டால் மெக்கானிக்ஸுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நிம்மதியாக அரிசி விற்பது. இதை என் வீட்டுக்காரர் கணேஷ்குமாரிடமும் சொல்லிவிட்டேன்.

"பரீட்சைக்குப் போறதுக்குக் கல்லுகிட்ட குறி கேக்கறியா?" என்று சிரித்தார். "சரி, நீ வாட்ச பாரு. நான் எண்றேன். எண்றதுதான எங்க பரம்பரைத் தொழிலு."

அவர் அம்மா, என் அத்தை கோகிலாம்பாள், கல்லாவில் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்திருந்தார். கொக்கியிலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை ஒரு மீட்டர் அளந்து, கல்லை லேசாக இழுத்துப் பிடித்தேன். விட்டதும் என் வீட்டுக்காரர் "லாபம்" என்றார். போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டினேன். கல் போய்த் திரும்பி வந்தது. "ரெண்டு." மறுபடி வந்தது. "மூணு." மூட்டையோ படியோ, முதலாவதை ஒன்று என்று சொல்கிற வழக்கம் எங்கள் மண்டியில் கிடையாது, லாபம் என்பதுதான். செலியமேட்டில் என் அப்பாவின் களத்திலும் நெல்லை அப்படித்தான் அளப்பார்கள். அதனால் அது என் காதில் உறைக்கக்கூட இல்லை. "இருபது" என்றதும் வாட்சை நிறுத்தினேன்.

கணக்குப் போட்டேன். பத்து புள்ளி எட்டு எட்டு.

இரண்டாம் தடவையும் பத்து புள்ளி எட்டு. நூலைக் குறைத்துக் கட்டினேன், கல்லின் நடுப்பகுதி வரைக்கும் மறுபடி அளந்தேன். அப்போதும் பத்து புள்ளி எட்டுதான். பூமிக்கே மதகடிப்பட்டில் மட்டும் இழுவை கூடிவிட்டதா? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அவர் என் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒம்போது புள்ளி எட்டுன்னே எழுதிக்கோ வினோ. யாரு வந்து பாக்கப் போறா?" என்றார்.

"உங்க தராசுல அப்படித்தான் எழுதுவீங்களா?"

சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். எடையில் ஒரு பிடி குறைந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது, ஊருக்கே தெரியும். தலையைக் குனிந்துகொண்டார்.

"கழட்டி வைங்க. எனக்கு வராது. வராதத புடிச்சி எத்தினி வருஷம் தொங்கறது?" என்றேன். அவர் கழற்றவில்லை. கல் அது பாட்டுக்கு ஆடி அடங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து, எதிர் சந்தில் இருக்கும் ரோசம்மாள் அக்கா பையோடு வந்து நின்றார். "கணேசு, ரெண்டு படி மல்லாட்டை போடுப்பா. நல்லதா பாத்துப் போடு."

அவர் எழுந்து போனார். நான் மூட்டை மேல் சாய்ந்துகொண்டு ஜெயா மேடம் லேபில் சொன்னதை நினைத்துக்கொண்டிருந்தேன். "தப்பு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா சிதறினா உன் கை நடுங்குதுன்னு அர்த்தம். ஒரே பக்கமா வந்தா, எதையோ ஒண்ண ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி தப்பா பண்றன்னு அர்த்தம். அழுவாம அதத் தேடு." என் தப்பு ஒரே பக்கமாகத்தான் வந்தது. நூலைப் பார்த்தாயிற்று. கல்லைப் பார்த்தாயிற்று. இன்னும் எதைப் பார்ப்பது?

அவர் படி நிறைய நிலக்கடலையை அள்ளி, தலை தட்டி, பையில் கொட்டினார். சளசளவென்று விழுந்தது. கொட்டி முடித்த பிறகு, "லாபம்" என்றார்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் லாபம் என்று சொல்லும்போது பைக்குள் ஒரு முழுப்படி விழுந்திருக்கிறது. ஆனால் என் கல் கையை விட்டுக் கிளம்பும்போதே அவர் லாபம் என்றார். அப்போது ஓர் ஆட்டம்கூட முடிந்திருக்கவில்லை! இருபது என்று அவர் சொன்னபோது கல் ஆடியிருந்தது பத்தொன்பதுதான்.

ரோசம்மாள் அக்கா போகும்வரை எப்படிப் பொறுத்தேனோ தெரியாது. போனதும் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்ப தப்பு என்னுதா? உன்னுது ஒண்ணும் இல்லியா?"

"என் கணக்கு சரிதாங்க!"

"ஐயோ, நாந்தான் உன்ன அழ வெச்சனா?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனுஷனை அப்போது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அந்த நேரத்தைப் பத்தொன்பதால் வகுத்தாலே விடை வந்துவிடும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தடவையாவது சரியாக எண்ணி, சரியாக அளந்து பார்க்க வேண்டும் போலிருந்தது. "இப்ப கல்ல வுடும்போது சைபர்னு சொல்லுங்க. அது திரும்பி வந்தா ஒண்ணு" என்றேன்.

"சைபரா? கடையிலயா?"

அதை மறந்துவிட்டேன். இந்தக் கடையில் சரக்கு தீர்ந்தால்கூட இல்லை என்று சொல்ல மாட்டார்கள், வருது என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் எண்ணிக்கையைச் சைபரில் ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

"மனசுக்குள்ள சொல்லிக்கட்டுமா?"

"மனசுக்குள்ள சொன்னா எனக்கு எப்படிக் கேக்கும்? உங்க குரல வெச்சித்தான வாட்ச தட்றேன். பரவால்ல வுடுங்க, நானே எண்ணிக்கறேன்."

"வேணாம்" என்றார் உடனே. "நாந்தான் எண்ணுவேன். உனுக்குத் தப்பா அளந்து குடுத்தவன் நானு, சரியா அளக்க வேண்டியதும் நாந்தான்."

சுவரில் இருந்த லட்சுமி படத்தைப் பார்த்தார். கல்லாவில் தூங்கும் அம்மாவைப் பார்த்தார். நான் கல்லை விட்டேன்.

"சைபர்!"

பயத்தில் சத்தமாகவே சொல்லிவிட்டார். அத்தை திடுக்கிட்டு எழுந்தார். "டேய் கணேசா! கடையில வெச்சி இன்னாடா பேச்சு பேசற?"

"ஒண்ணு" என்றார் அவர்.

"உன்னத்தாண்டா கேக்கறேன்! இன்னா சொன்ன இப்ப?"

"ரெண்டு."

அம்மா கூப்பிட்டால் வாயில் இருக்கும் சோற்றை விழுங்காமலே 'இன்னாம்மா' என்பவர் அவர். அன்று அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. அத்தை பக்கத்திலேயே வந்து நின்று திட்டிக்கொண்டிருந்தார். அவர் கல்லை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பதினொண்ணு... பன்னெண்டு..." எனக்கு வாட்ச் மங்கலாகத் தெரிந்தது. துடைத்துக்கொண்டேன்.

"இருபது!" என்று சொல்லி முடித்த மூச்சிலேயே, "இன்னாம்மா?" என்றார்.

நான் கணக்குப் போட்டேன். ஒன்பது புள்ளி எட்டு இரண்டு. போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அத்தைக்குக் கோபம் போய்ப் பதற்றம் வந்துவிட்டது. "இன்னாடா ஆச்சு அவளுக்கு? தப்பா வந்துடுச்சா?"

"இல்லம்மா. சரியா வந்துடுச்சி."

"சரியா வந்ததுக்கு எதுக்கு அழுவுறா?"

அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அத்தை லட்சுமி படத்துக்குக் கூடுதலாக ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலையில் அவர் வழக்கம்போல் ஷட்டரைத் திறக்கக் குனிந்தார். அத்தை சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "கடைய நான் தொறந்துக்கறேன். மொதல்ல அவள காலேஜுக்கு இட்டுனு போ. கடைசி நாளுன்னு சொல்லிக்கினு இருந்தாளே."

பைக்கில் ஏறி உட்கார்ந்தேன். விண்ணப்பம் இருந்த பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். மூன்றாம் தடவையும் தோற்றால் என்ன செய்வேன் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவருக்கு அது என் பக்கம் திரும்பாமலே தெரிந்திருக்கும் போல.

"வினோ, போலாமா?"

"ம்."

"சைபர்" என்றார் உரக்க, மண்டி வாசலில் வைத்தே. வண்டியைக் கிளப்பினார்.

அவர் தோளில் கையை வைத்துக்கொண்டேன். அத்தை காதில் அது நன்றாகவே விழுந்திருக்கும். விழாதது மாதிரி அந்தப் பக்கம் திரும்பி ஷட்டரைத் தூக்கினார்.