அலசாத கண்ணாடித் தொட்டி

எங்கள் பள்ளியில் தண்ணீர்ப் பாடத்தை மட்டும் இரண்டு பேர் சேர்ந்துதான் நடத்துவோம். ஒன்பதாம் வகுப்பின் எல்லாப் பிரிவுகளையும் பெரிய கூடத்தில் உட்கார வைத்து, முதலில் இயற்பியல் ஆசிரியர் தண்ணீரின் இயற்பியல் பண்புகளைச் செய்து காட்டுவார். அடுத்து வேதியியல் ஆசிரியை வேதிப் பண்புகளைக் காட்டுவாள். அந்த இயற்பியல் ஆசிரியர் போன வருஷம் என்னை விட்டுப் போன என் புருஷன். அந்த வேதியியல் ஆசிரியை நான். பிள்ளைகள் அவருக்கு ஐஸ் சார் என்று பேர் வைத்திருக்கிறார்கள், எனக்கு ஆசிட் மிஸ். வைத்தவன் யாரென்று தெரிந்தால் காதைத் திருகுவேன், ஆனால் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறான்.

அவர் போனதைக் கூட நான் ஜீரணித்துவிட்டேன். போன மாதம் என் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து பேசியதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. அதே ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் எங்கள் பெண் இனி யாரோடு இருப்பது என்று முடிவெடுக்கக் கூடியிருந்தோம். நான் கத்திக்கொண்டிருந்தேன். இவர் குரலை உயர்த்தவே இல்லை.

"அவ கெட்டவ இல்ல மச்சான். ஆனா பழி வாங்காம அவளுக்குத் தூக்கம் வராது. பொண்ணு அவகூடவே இருந்தா அவளும் அப்படியே ஆயிடுவா."

என் கூடப் பிறந்த அண்ணன் ஆமாம் சாமி மாதிரி தலையை ஆட்டினான்! கடைசியில், அவளுக்கு விவரம் தெரிகிற வயசுதானே, அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை அவள் வாயாலேயே சொல்லட்டும் என்று எழுந்துவிட்டார்கள். பழி வாங்குகிறவளா நான்? சரி, வாங்கியே காட்டுகிறேன் என்று அன்றைக்கே கறுவிக்கொண்டேன்.

தண்ணீர்ப் பாடம் அதே வார வியாழக்கிழமை வந்தது. ஐஸ் சாரின் புகழே அந்தப் பாடத்தில்தான். கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, ஒரு தையல் ஊசியை விரல் நுனியில் பிடித்துத் தண்ணீரின் மேல் படுக்க வைப்பார். இரும்பு ஊசி மிதக்கும். மேலே பொருத்திய கேமரா வழியாக அது சுவரில் ஆளுயரத்துக்குத் தெரியும். தண்ணீரின் மேல்பரப்பு இழுத்துக் கட்டிய துணி போல ஊசியைத் தாங்குகிறது, இதுதான் பரப்பு இழுவிசை என்பார். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். பிளக்கிற வாய்களில் முதல் வாய் என் பெண்ணுடையதாக இருக்கும், சனிக்கிழமைக்கு இரண்டே நாள் இருக்கும்போது. அது நடக்கக் கூடாது.

தொட்டி என் ஆய்வக அலமாரியிலிருந்து போவது. என் ஆய்வகத்துக்கு ஒரு சட்டம் உண்டு. சோப்பு போட்டுத் தேய்த்த கண்ணாடியைக் குழாய்த் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். அலசாமல் வைத்த பிள்ளைகளை நான் அழ வைத்திருக்கிறேன். விடுமுறையில் உதவிக்கு வரும் என் பெண்ணையும் விட்டதில்லை. அன்று காலை நானே ஒரு சொட்டு சோப்புத் திரவத்தை விரலில் தொட்டுத் தொட்டியின் உள்ளே முழுக்கப் பூசிக் காய வைத்தேன். சோப்பு கலந்த தண்ணீரின் இழுவிசை செத்துப்போகும், ஊசி கல் மாதிரி இறங்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

மணி அடிப்பதற்கு முன் வந்து நின்றார்.

"தொட்டி ரெடியா?"

"ரெடி. எடுத்துட்டுப் போங்க."

கையில் வாங்கிக்கொண்டு சிரித்தார். "மத்த எடத்துலேருந்து வாங்கினா ஒரு தடவ அலசிப்பேன். உன் அலமாரிக் கண்ணாடிய நான் என்னைக்குமே திரும்ப அலசினதில்ல."

கொஞ்சமாவது உறுத்தியதா என்று கேட்டால், இல்லை. அந்தச் சிரிப்புக்காக இன்னொரு சொட்டு விட்டிருக்கலாம் என்றுதான் தோன்றியது.

கூடத்தில் நான் ஓரமாக நின்றேன். பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்று காட்டினார். ஊசியில்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை உறிஞ்சி, நுனியை அடைத்துப் பின்னால் இழுத்து, அடுப்பில்லாமல் கொதிக்க வைத்தார். கைதட்டினார்கள். தட்டுங்கள், தட்டுங்கள், இன்னும் கொஞ்ச நேரந்தான் என்று நான் காத்திருந்தேன். தொட்டியில் தண்ணீரை மெதுவாக, நுரை வராத அளவுக்கு மெதுவாக ஊற்றினார். என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

"இந்த வருஷம் ஊசிய நான் போடப்போறதில்ல," என்றார். "என்னைவிட நிதானமான கை ஒண்ணு இருக்கு. ஒரு வாரமா என் வீட்டு சமையலறையில எல்லாப் பாத்திரத்துலயும் ஊசி மிதக்குது. வாம்மா."

என் பெண் எழுந்து வந்தாள்.

வீட்டுப்பாடம் செய்யப் போவதாகச் சொல்லித்தான் மாலை மாலை அங்கே போனாள். உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மேடையேறியவள் என்னைத் தேடிப் பார்த்தாள், அவள் முகத்தில் அத்தனை பெருமை. 'தொட்டியை மாத்துங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று அவர் கேட்பார். அத்தனை பேர் முன்னால், அந்த மனுஷனுக்கு, நான் பதில் சொல்ல வேண்டும். நான் சுவரோடு இன்னும் ஒட்டி நின்றேன்.

முதல் ஊசி மூழ்கியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்த ஊசியைச் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு வைத்தாள். அதுவும் மூழ்கியது. மெல்லிய காகிதத்தின் மேல் வைத்து இறக்கினாள். காகிதத்தோடு ஊசியும் அடியில் போய் உட்கார்ந்தது.

"கப்பல் கவுந்துடுச்சுடோய்!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தக் கூடமே சிரித்தது.

"பரவாயில்லம்மா, அவசரமில்ல," என்றவரின் முகம் வெளுத்திருந்தது. அந்த முகம் வெளுப்பதைப் பார்க்கத்தான் நான் ஒரு மாதமாகக் காத்துக்கிடந்தேன். அனுபவிக்க முடியவில்லை. அதற்கும் அவர் மேல்தான் கோபம் வந்தது. பிள்ளையைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தச் சொன்னது யார்?

ஊசிகளை எடுக்கத் தண்ணீரில் கைவிட்டவள் அப்படியே நின்றாள். கையை வெளியே எடுத்துக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துப் பார்த்தாள். இன்னொரு முறை தேய்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஸாரி சார். என் கை நடுங்குது," என்று சொல்லிவிட்டு, சிரிப்புக்கு நடுவே நடந்துபோய் உட்கார்ந்தாள்.

அடுத்து என் பங்கு. தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி ஒரு குழாயில் ஹைட்ரஜனும் இன்னொன்றில் அதில் பாதியளவு ஆக்சிஜனும் பிடித்தேன். ஹைட்ரஜன் குழாயில் தீக்குச்சியைக் காட்டியதும் டப்பென்று வெடித்தது, கூடம் அதிரக் கைதட்டல்.

"மிஸ், பிரிச்சதத் திரும்பச் சேர்த்தா தண்ணி வருமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வரும். வெடிச்சிட்டுத்தான் வரும்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், என் பெண்ணைத் தவிர.

பள்ளி விட்டதும் ஆய்வகத்துக்கு வந்தாள். நான் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அப்பா உன்கிட்ட ஏதாவது கேட்டாரா?" என்றாள்.

"இல்ல."

"கேக்க மாட்டார். என் கைதான் நடுங்கிடுச்சுன்னு நம்பிட்டார். இவ்வளவு நேரம் எனக்கு சமாதானம் சொல்லிட்டிருந்தார்."

"கண்ணு, அது உனக்கு வெச்சதில்லடி. சத்தியமா உனக்கில்ல."

"தெரியும்மா."

"உங்கப்பா உங்க மாமா வீட்டுல என்ன பேசினார் தெரியுமா? உன்னைப் பெத்தவளப் பத்தி..."

"தெரியும். உள் ரூம்லதான இருந்தேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன், அப்பா சொன்னது பொய்யின்னு காட்டணும், உன்கூடத்தான் இருக்கணும்னு. அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். சரிம்மா, பிரியறதுக்கு முன்னாடி ஒரு வேலையாவது சேர்ந்து செய்யலாம்னார். அதான் அந்த ஊசி."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மூடத் தோன்றவில்லை எனக்கு.

"இப்ப?" என்றேன்.

"அங்க நின்னப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? உன்னையும் இதே மாதிரி எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுச் சிரிக்க வெக்கணும்னு இருந்துச்சு. எப்படிச் செய்யலாம்னு கூட யோசிச்சிட்டேம்மா. நிஜமாவே யோசிச்சிட்டேன். எனக்கு பயமா இருக்கு. நான் அப்பா வீட்டுக்கே போயிடறேன்."