உடற்பயிற்சிப் பெட்டியில் ஏழாவது தட்டு

பல் டாக்டர் திருடர் அல்ல. வாழ்நாளில் அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்பட்டதில்லை. பிடுங்கிய பல்லைக்கூடப் பொட்டலம் கட்டி உரியவர் கையில் கொடுத்துவிடும் ரகம். ஆனால் பழைய இசைத்தட்டுக் கடைக்குள் கால் வைத்ததும் அவர் கைக்கு மட்டும் தனிப் புத்தி வந்துவிடும். ஜாஸ் பெட்டியில் நல்ல தட்டு ஒன்று கண்ணில் பட்டால் இடமும் வலமும் பார்ப்பார். பொய்யாக ஓர் இருமல் இருமுவார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய், யாரும் தொடாத வேறொரு பெட்டியில் சொருகிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நடந்து வருவார். இதற்குப் பெயர் ஒளித்து வைப்பது இல்லையாம், பாதுகாத்து வைப்பதாம். மனசாட்சிக்கு அவர் சொல்லி வைத்திருந்த விளக்கம் அது.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஜாஸ் தட்டு சேகரிக்கிற கூட்டமே இப்படித்தான். சனிக்கிழமை காலையில் அதே கடைக்கு வரும் வக்கீல், குழந்தைக் கதைப் பெட்டியில் சொருகுவார். ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவருக்கு 'ரயில் வண்டிச் சத்தங்கள்' என்ற பெட்டி. ஒவ்வொருவருக்கும் உலகத்திலேயே தான் ஒருவன்தான் கெட்டிக்காரன் என்ற நினைப்பு. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதைதான்.

பல் டாக்டரின் இடம் உடற்பயிற்சிப் பெட்டி. ஒன்று இரண்டு மூன்று என்று யாரோ அதட்டுகிற குரலைத் தட்டில் பதிந்து, முழங்கால் வரை சாக்ஸ் போட்ட பெண்ணின் படத்தை அட்டையில் அச்சடித்து, ஒரு காலத்தில் நிறையவே விற்றார்கள். இப்போது அதைச் சீந்துவாரில்லை. அந்தப் பெட்டியில், 'பதினைந்தே நாளில் தொப்பை குறைய' என்ற தட்டுக்குப் பின்னால், நான்கு வருடமாக அவருடைய உயிர் இருந்தது.

டிரம்பெட் வாசிப்பவர் ஒருவர். மொத்தம் ஏழே தட்டுகள் போட்டுவிட்டு, வாத்தியத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கம்பளம் விற்கப் போய்விட்டார். ஆறு தட்டுகள் டாக்டர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. ஏழாவது இது. கண்டெடுத்த அன்றைக்கே கடையின் மூலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தார். நாலாவது பாட்டில் ஓர் இடம் வருகிறது. டிரம்ஸ், பியானோ எல்லாம் திடீரென்று வாயை மூடிக்கொள்ளும். சரியாக எட்டு எண்ணிக்கைக்கு மௌனம். அதன் பிறகு டிரம்பெட் மட்டும் தனியாக உள்ளே வரும். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்படியானால் வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே? வாங்கவில்லை. வாங்கினால் ஏழும் சேர்ந்துவிடும். சேர்ந்துவிட்டால் தேட ஒன்றும் இல்லை. தேட ஒன்றும் இல்லாதவன் சனிக்கிழமை காலையில் எங்கே போவான்? அந்தப் பயம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. ஆகவே வாராவாரம் போவார், தொப்பைத் தட்டை விலக்குவார், தன் தட்டின் விளிம்பை ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பார், திருப்தியாக வீடு திரும்புவார். வைக்கோல் போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது.

கடையோ ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துகொண்டே வந்தது. மூன்று சுவர் நிறைய இருந்த ஜாஸ், ஒரு சுவராகி, ஓர் அலமாரியாகி, கடைசியில் வாசல் பக்கம் ஒற்றைப் பெட்டியாகிவிட்டது. முன்பக்க மேஜையில் செல்போன் உறைகளும் சார்ஜர்களும் ஏறிக்கொண்டன. போன சனிக்கிழமை கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மாதக் கடைசியோடு கடை மூடப்படும். டாக்டர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். சரி, இனி யோசிக்க நேரமில்லை, அடுத்த சனிக்கிழமை ஏழாவதை வாங்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது, சமையலறையில் மனைவி கேரட் நறுக்கிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக ஜாஸை 'பாத்திரக் கடையில் பூனை புகுந்த சத்தம்' என்று அன்போடு அழைத்து வருபவர் அவர். டாக்டர் காதில் போட்டுக்கொள்ளாமல் நாற்காலியை இழுத்தார். முணுமுணுப்பு நின்றது. மனைவி கத்தியை உயரே பிடித்தபடி அசையாமல் நின்றார். டாக்டரின் உதடு தன்னையறியாமல் எண்ணியது. எட்டு முடிந்த நொடியில் மனைவி மறுபடி தொடங்கினார், கத்தியும் இறங்கியது.

"இந்தப் பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க பயிற்சி வகுப்புல போடுறாங்க. திங்கக்கிழமைலேர்ந்து புதுப் பாட்டு. டீச்சர் எங்கேயோ ஒரு பெட்டி நிறைய உடற்பயிற்சித் தட்டு வாங்கியிருக்காங்க. அதுல இது ஒண்ணு. ஏங்க, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்ல. வெயில்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? டாக்டர் சோற்றோடு சேர்த்து எல்லாவற்றையும் மென்று விழுங்கினார்.

மறுநாள் காலை, இரண்டு நோயாளிகளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினார். உடற்பயிற்சிப் பெட்டி இருந்த இடத்தில் தூசியில் ஒரு சதுரம் மட்டும் இருந்தது. குழந்தைக் கதைப் பெட்டியருகே வக்கீல் குனிந்து நின்றிருந்தார். டாக்டரைக் கண்டதும் ஒரு முயல் கதையை அவசரமாக எடுத்துப் படிக்கிற மாதிரி பாவனை செய்தார்.

கல்லாவில் கடைக்காரம்மா உட்கார்ந்திருந்தார். அண்ணன் நடத்திய கடை. அவர் போன பிறகு பன்னிரண்டு வருடமாக இவர் பார்த்துக்கொள்கிறார். ஜாஸில் அவருக்குத் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. மனிதர்களைத் தெரியும்.

"அம்மா, அந்த உடற்பயிற்சிப் பெட்டி..."

"ஞாயித்துக்கிழமை பயிற்சி டீச்சர் வந்து மொத்தமா வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஏன் டாக்டர், உங்களுக்குத் தொப்பை குறைக்கணுமா?"

"இல்ல... அதுல என்னோட தட்டு ஒண்ணு..."

"உங்களோடதா? பில் இருக்கா?"

டாக்டர் சட்டைப்பையைத் தடவினார். வக்கீல் முயலுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

"நீங்க என்ன சிரிக்கிறீங்க?" கடைக்காரம்மா அந்தப் பக்கம் திரும்பினார். "கையில முயலு. முயலுக்குப் பின்னாடி சாக்ஸபோன். பதினோரு வருஷமா அந்தப் பெட்டியில ஒரு குழந்தைகூடக் கை வைக்கல, உங்களைத் தவிர. இந்தக் குட்டு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?"

"தெரிஞ்சா எடுத்துச் சரியான பெட்டியில வெச்சிருக்கலாமே?" என்று வக்கீல் ஈனசுரத்தில் வாதாடினார்.

"வெச்சேன். அடுத்த சனிக்கிழமையே நீங்க திரும்ப ஒளிச்சீங்க. மூணு தடவை பாத்தேன். சரி, இதுக்காகவாவது வாராவாரம் வர்றாங்களேன்னு விட்டுட்டேன்." அவர் குரல் இறங்கியது. "வர்றீங்க, தொட்டுப் பாக்குறீங்க, போறீங்க. யாரும் வாங்கல. புதுசா வர்றவங்க ஜாஸ் பெட்டியைப் புரட்டிட்டு, ஒண்ணுமே இல்லையேன்னு போயிடுறாங்க. என் கடையை செல்போன் கெடுத்துச்சுன்னு ஊரே சொல்லுது. பாதிதான் செல்போன்."

இரண்டு பெரிய மனிதர்களும் தரையைப் பார்த்தார்கள்.

"நின்னது போதும். ஒளிச்சதையெல்லாம் எடுத்து ஜாஸ் பெட்டியில வைங்க."

எடுத்தார்கள். குழந்தைக் கதையிலிருந்து, ரயில் சத்தத்திலிருந்து, சமையல் குறிப்பிலிருந்து, 'தட்டச்சுப் பழகலாம்' என்பதிலிருந்து. தாங்கள் ஒளித்தது, அடுத்தவர் ஒளித்தது, யார் ஒளித்தது என்றே தெரியாதது. பெட்டி நிறைந்து, இரண்டாவது பெட்டி நிறைந்து, மூன்றாவதும் கேட்டது. டாக்டர் எட்டு வருடம் தேடிய ஒரு பியானோ தட்டு வக்கீல் கையிலிருந்து வந்தது. ஒருவரை ஒருவர் முறைக்கவும் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து செல்போன் உறை வாங்க ஓர் இளம் ஜோடி உள்ளே வந்தது. அந்தப் பெண் சும்மா பெட்டியைப் புரட்டினாள், பிறகு குனிந்தாள், பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இவ்வளவு நல்ல சரக்கு வெச்சிக்கிட்டா கடையை மூடுறீங்க?" என்று கேட்டாள்.

வக்கீல் தன் சாக்ஸபோன் தட்டுக்கு ஒழுங்காகப் பில் போட்டுக்கொண்டு வெளியேறினார். டாக்டரும் பியானோவுக்குப் பில் போட்டுக்கொண்டார். வாங்கிய பிறகும் செத்துப் போகவில்லை என்பது அவருக்கே வியப்பாக இருந்தது.

சனிக்கிழமை காலையில், "நானும் வகுப்புக்கு வர்றேன்" என்றார். மனைவி தண்ணீர் பாட்டிலை நிரப்பியபடியே, "பாட்டுக்காகத்தானே? வாங்க" என்றார்.

கூடம் முழுக்க ஐம்பதைத் தாண்டிய பெண்கள். மூலையில் பழைய பிளேயர். ஏழாவது தட்டு உறையில்லாமல் அதன் மேல் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் உறை மேலே டீச்சர் தண்ணீர் டம்ளரை வைத்திருந்தார்! டாக்டருக்குத் தன் பல்லையே யாரோ மயக்க ஊசி இல்லாமல் பிடுங்குவது போலிருந்தது.

"டீச்சர், இந்தத் தட்டை எனக்குக் கொடுத்துடுங்க. பதிலுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க."

"ஐயோ சார், முட்டி மடக்குறதுக்கு இதைவிட நல்ல பாட்டு கிடைக்கல. நாலாவதுல மட்டும் ஒரு இடத்துல எல்லாரும் தடுமாறுறோம். சும்மா நிக்காதீங்க, பின்வரிசையில சேர்ந்துக்குங்க. இங்க உக்காந்து கேக்க இடமில்ல."

சேர்ந்துகொண்டார். தொப்பை ஒரு தாளத்திலும் அவர் ஒரு தாளத்திலும் ஆடினார்கள். நாலாவது பாட்டு வந்தது. வாத்தியங்கள் நின்றன. இருபது பேரும் ஒற்றைக் காலில் தள்ளாடினார்கள். டாக்டருக்குப் பொறுக்கவில்லை. "அஞ்சு... ஆறு... ஏழு... எட்டு, இப்ப!" என்று கத்தினார். டிரம்பெட் நுழைய, இருபது கால்களும் ஒன்றாகத் தரையில் இறங்கின. கூடமே அதிர்ந்தது. முன்வரிசையிலிருந்து மனைவி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்குக் கடை மூலையில் இதே இடத்தைக் கேட்டுக் கண் கலங்கியபோது பக்கத்தில் யாருமே இல்லை என்பது டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு வாரம் ஒன்றாக மற்ற ஆறு தட்டுகளையும் அவரே கொண்டுவந்தார். கூடவே உறைகள், துடைக்கும் துணி, டம்ளர் வைக்கத் தனியாக ஒரு ஸ்டூல். இதற்கிடையில் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். கடைக்காரம்மா முட்டிவலி என்று சொல்லிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் சேர்ந்தார். ஆறாவது வாரம், ஏழாவதைத் தனக்குக் கொடுத்துவிடும்படி டாக்டர் மறுபடி கேட்டார். பாக்கலாம் சார் என்றார் டீச்சர்.

அன்று வகுப்பு முடிந்து, மறந்துபோன துண்டை எடுக்கத் திரும்பியபோது கதவுக்கு அந்தப் பக்கம் மனைவியின் குரல் கேட்டது.

"அதை மட்டும் கொடுத்துடாதீங்க டீச்சர். கையில கிடைச்சா மனுஷன் அடுத்த வாரம் வரமாட்டார். முப்பது வருஷத்துல இப்பத்தான் எனக்கு அவரோட சனிக்கிழமை கிடைச்சிருக்கு."

"ரொம்பக் கெஞ்சுறாரே. எனக்கே பாவமா இருக்கு. அடுத்த வாரம் இன்னொரு தடவை கேட்டார்னா கொடுத்துடுவேன்னு நினைக்கிறேன்."

டாக்டர் துண்டை எடுக்காமலேயே வெளியே போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர்தான் முதலில் வந்தார். டீச்சர் ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தார். ஏழாவது தட்டு உறைக்குள் பத்திரமாக பிளேயர் மேல் இருந்தது, யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொடுத்துவிடலாம் போல. டாக்டர் இடமும் வலமும் பார்த்தார். பொய்யாக ஓர் இருமல் இருமினார். பிறகு அதை எடுத்துக்கொண்டு போய், அந்தக் கூடத்தில் யாருமே விரும்பிப் போகாத ஒரே இடமான எடை பார்க்கும் மெஷினுக்குப் பின்னால் சொருகிவிட்டு, மனைவிக்குப் பக்கத்தில் பாயை விரித்தார்.