யித்காவின் விடுமுறை நாள்

பிராகுக்குப் போய் இரண்டு நாள் சுற்றிவிட்டு வரலாம் என்று முதலில் சொன்னது என் மனைவி விலாஸ்தாதான். ஆனால் டிக்கெட் எடுத்த நாளிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சமையலறை மேசையில் வரைபடத்தை விரிப்பாள், பென்சிலால் கோடு போடுவாள், அழிப்பாள். எழுந்து போய்க் கொடியில் காயும் துணியைத் தொட்டுப் பார்ப்பாள். மறுபடி வந்து உட்காருவாள்.

"சனிக்கிழமை காலையில கோட்டை, அப்புறம் பாலம். மிருகக்காட்சிசாலை சாயங்காலம்."

"நேத்து அதுதான் முதல்லன்னு சொன்னியே?"

"காலையில கூட்டம் அலைமோதும்."

மறுநாள் மிருகக்காட்சிசாலை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது. அதற்கடுத்த நாள் திட்டத்திலேயே இல்லை.

"மழை வந்தா என்ன பண்றது?" என்றாள்.

"நனைஞ்சா கரைஞ்சு போக நீ என்ன சர்க்கரையா?"

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் காரணம் தெரியும். அவள் தங்கை யித்கா அந்த மிருகக்காட்சிசாலையில்தான் ஒட்டகச்சிவிங்கிகளைப் பார்த்துக்கொள்கிறாள். ஆறு வருடத்துக்கு முன் அவர்களுடைய அம்மாவை அடக்கம் செய்த அன்று, அங்கே ஒரு ஒட்டகச்சிவிங்கி குட்டி போட முடியாமல் தவித்தது. யித்கா வரவில்லை. கல்லறையில் நின்றபடியே போன் செய்து, "இனிமே அதுங்கதான் உன் சொந்தம், அங்கேயே கிட" என்றாள் விலாஸ்தா. அதோடு பேச்சு நின்றது.

வியாழக்கிழமை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைத் தொப்பென்று போட்டுவிட்டுப் போனை எடுத்தாள். ஈரக்கை பட்டு ஸ்பீக்கர் ஆனாகிவிட்டது.

"யித்கா, நான்தான்."



"யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சாக்கா?"

"ஒண்ணும் ஆகலடி. சனிக்கிழமை நாங்க அங்க வரலாம்னு..."

"சனிக்கிழமை எனக்கு லீவு."

விலாஸ்தாவின் முகம் வெளுத்துவிட்டது. "சரி. அப்ப விடு."

"லீவுன்னுதானே சொன்னேன்? வராதேன்னா சொன்னேன்? வாசல்ல நிக்கிறேன். நம்ம ஊரு நாத்தச் சீஸ் வாங்கிட்டு வா."

"ரயில்ல இருந்து இறக்கி விட்ருவாங்கடி!"

"விடட்டும். மிச்சத்த நடந்து வா."

ரயிலில் விலாஸ்தா உட்காரவே இல்லை. நடைவழியில் போவதும் வருவதுமாக இருந்தாள். சீஸ் வாசனையில் எதிர் இருக்கைக்காரர் இடம் மாறிப் போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

யித்கா சொன்னபடி வாசலில் நின்றிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. இருவரும் கட்டிக்கொள்ளவில்லை. பையை நீட்டியபடியே விலாஸ்தா கேட்டாள்.

"அன்னிக்கு அந்தக் குட்டி பொழைச்சுதா?"

"இல்லக்கா. தாய் மட்டும்தான் பொழைச்சுது."

"எனக்குத் தெரியாதே."

"நீ கேக்கவே இல்லையே."

யித்கா அக்காவின் முழங்கையைப் பிடித்து, "வா, அந்தத் தாயக் காட்டறேன்" என்று உள்ளே கூட்டிப்போனாள்.

நான் கொஞ்சம் பின்தங்கியே நடந்தேன்.