உச்சியில் கிடந்த கல்

அறுநூறு மீட்டரைத் தொட்டால் மலை, தொடாவிட்டால் குன்று. இதுதான் சட்டம். மலை என்றால் யாரும் கை வைக்க முடியாது. குன்று என்றால் குவாரிக்கு அனுமதி கொடுக்கலாம். நான்கு வருடத்துக்கு முன் அளந்தவர்கள் 599.6 என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். முழங்கால் உயரம்கூட இல்லாத குறைச்சல். அடிவாரத்து ஜனங்கள் மனுவுக்கு மேல் மனுவாக எழுதித் தள்ளியதில் மறு அளவைக்கு உத்தரவு வந்து, சர்வேயரம்மாவின் தலையில் விழுந்தது.

வேலை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. துணைக்கு வந்த ஆள்தான் உறுத்தினார். வந்தவர் அவளுடைய அக்கா புருஷன். அதே ஆபீசில் மூத்த உதவியாளர். முதல் அளவைக்கும் கூடப் போனவர். பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்திருந்த மனிதர், உத்தரவு வந்த அன்றே லீவை ரத்து செய்துவிட்டு, "வழி எனக்குத்தான் தெரியும், நானே வர்றேன்" என்றார். கூப்பிடாமல் வேலைக்கு வரும் ஆளை அந்த ஆபீசில் அவள் பதினோரு வருடத்தில் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

அடிவாரத்தில் ஜீப்பை நிறுத்தியபோது குவாரி மேனேஜரின் வெள்ளைக் கார் அங்கே நின்றது. கண்ணாடி இறங்கியது. அத்தான் குனிந்து ஏதோ பேசினார். இரண்டு நிமிடம்கூட இருக்காது.

"என்ன கேக்குறாரு?"

"சும்மா. சௌக்கியமான்னு."

"உங்க சௌக்கியத்துல அவருக்கு என்ன அத்தான் அக்கறை?"

அவர் கருவிப் பெட்டியைத் தூக்கப் போனார். "அது என்கிட்ட இருக்கட்டும்" என்று அவளே தோளில் மாட்டிக்கொண்டாள். பன்னிரண்டு கிலோ. பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, ஆனாலும் கொடுக்கவில்லை.

உச்சிக்குச் சற்றுக் கீழே தீ கண்காணிப்புக் கோபுரம். அதன் காவலாளி எந்நேரமும் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டிருப்பதால் ஊருக்கே அவர் பைனாகுலர்தான். பத்து நிமிடம் முன்பே பார்த்துவிட்டுத் தண்ணீரோடு வந்து நின்றார். "வாங்கம்மா, உச்சி இந்தப் பக்கம். இதோ, இந்தக் கல்லுதான். இதுக்கு மேல ஒண்ணுமே கிடையாது" என்று கேட்பதற்கு முன்பே காட்டினார். இவ்வளவு உபசாரம் எதற்கு என்று அவளுக்கு அடுத்த சந்தேகம் முளைத்தது.

கருவியை அந்தக் கல்லின் மேல் நிறுத்தினாள். இரண்டு மணி நேரம் ஓடவேண்டும். அதுவரை சும்மா இருக்க முடியாமல் கல்லைச் சுற்றி வந்தாள். மற்ற பாறைகளிலெல்லாம் வெள்ளைப் பாசி வெயில் படும் மேல்பக்கத்தில் பூத்திருந்தது. இந்தக் கல்லில் மட்டும் அடிவிளிம்பில். மண்டியிட்டுப் பார்த்தாள். கல்லுக்கும் பாறைக்கும் நடுவே கடப்பாரை உரசிய தழும்புகள், புத்தம் புதுசு.

கருவி 600.2 என்று காட்டியது.

பைனாகுலரின் முகத்தில் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை.

"இந்தக் கல்ல எப்ப கொண்டுவந்து வெச்சீங்க?"

அவர் பைனாகுலரைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடியவேயில்லை.

"அண்ணே, உங்களத்தான்."

"போன மாசம்" என்றார் கடைசியில். "பதினாலு பேரு சேந்து ஏத்துனோம். ஆனா அது வெளியூர்க் கல்லு இல்லம்மா. இந்த உச்சியோட கல்லுதான். கீழ சரிவுல கவுந்து கெடந்துச்சு. தன்னோட வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி வந்து உக்காந்துக்கிச்சு. நம்பலன்னா தூக்கிப் பாருங்க."

அவள் நம்பவில்லை. பைனாகுலர் ஓடிப்போய்க் கடப்பாரை கொண்டுவந்தார். நெம்பி ஒரு சாண் நகர்த்தியதும் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். பாறையின் முகமும் கல்லின் அடிமுகமும் உடைந்த தட்டின் இரண்டு துண்டுகளைப் போல மேட்டுக்குப் பள்ளம், பள்ளத்துக்கு மேடு என்று பொருந்தின. உடைந்த விளிம்பில் விரல் அகலத்துக்கு ஒரு நேர்க்கோட்டுப் பள்ளம்: பாறையில் பாதி, கல்லில் பாதி. வெடி வைப்பதற்காக டிரில் போட்ட துளை. இடி விழுந்து உடைந்தது இல்லை. ஆள் வைத்து உடைத்தது.

அவள் மெதுவாக எழுந்து அத்தானைப் பார்த்தாள். அவர் அந்தப் பக்கமே வராமல், ஏற்கெனவே கட்டி முடித்த கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க மொத தடவ வந்தப்ப இது எப்படி இருந்துச்சு அத்தான்?"

"ஒடைஞ்சுதான் கெடந்துச்சு." அவர் நிமிரவில்லை. "கல்லுத்தூள்கூட வெள்ளையா இருந்துச்சு. அதுக்கப்புறம் மழ பெய்யல."

"அத எழுதலயே நீங்க."

"உயரம் எடுக்கச் சொன்னாங்க. எடுத்தோம். வேற எதையும் யாரும் கேக்கல, நானும் சொல்லல."

"யாரு ஒடச்சதுன்னு தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நாலு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்."

இன்றைக்கு எதற்கு வந்தார், அதே மௌனத்தை இன்னொரு தடவை காப்பாற்றவா? கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அக்காவின் முகம் குறுக்கே வந்து நின்றது. கேட்கவில்லை.

இரண்டு பேரையும் கல்லைக் கடப்பாரையால் நெம்பி ஓரமாகப் புரட்டச் சொல்லி மறுபடி அளந்தாள். 599.6. அறிக்கையில் இரண்டு எண்ணையும் எழுதி, துளையின் படங்களைச் சேர்த்து, பதினாலு பேர் கல்லை ஏற்றியதையும் மறைக்காமல் போட்டாள். பைனாகுலர் முகம் தொங்கிப்போய், "அதையும் எழுதணுமாம்மா?" என்று கேட்டார். "எழுதாம விட்டா நானும் அதே ஜாதிதான்ணே" என்றாள், அத்தான் காதில் விழும்படி.

அதிகாரி அறிக்கையைத் திருப்பி அனுப்பினார். ஒரு மேட்டுக்கு இரண்டு உயரம் எப்படி இருக்கும், ஒன்றை அடித்துவிட்டு வா என்றார். அவள் அடிக்கவில்லை. விவகாரம் குழுவுக்குப் போனது. முதல் அளவைக்கு முன்பே கல் உடைக்கப்பட்டிருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும் என்று குழு கேட்டது. அக்கா வீட்டுக்குப் போவதையே அவள் நிறுத்தியிருந்தாள். அக்கா போனில், "உங்களுக்குள்ள என்னடி? சோத்துல கைய வெச்சுக்கிட்டு சாப்பிடாம அப்படியே உக்காந்திருக்காரு, பேசவும் மாட்டேங்குறாரு" என்றாள். ஆபீஸ் விஷயம் என்று மழுப்பினாள்.

ஏழாவது வாரம் கிளார்க் சொன்னார்: அத்தான் தானாகவே போய்க் கையெழுத்துப் போட்டு வாக்குமூலம் கொடுத்திருக்கிறார், பழைய அளவையில் தான் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து. உடைத்தது யார் என்ற இடத்தில் மட்டும் 'தெரியாது' என்றே இருந்ததாம்.

உடைக்கும் முன்பிருந்த உயரமே செல்லும் என்று குழு முடிவு செய்தது. அது மலை ஆயிற்று. அத்தானுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஆறு மாதத்துக்கு வெளிவேலை கிடையாது, ரெக்கார்டு அறையில் உட்காரவேண்டும்.

மறுநாள் அவள் ரெக்கார்டு அறைக்குப் போனாள். அவர் பழைய வரைபடங்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக் காரில் அன்றைக்கு என்ன பேசினார் என்று இப்போதாவது கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனாள்.

"ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வா" என்றார் அவர், தலையைத் தூக்காமல். "உங்க அக்கா கேட்டுக்கிட்டே இருக்கா."

"வர்றேன்" என்றாள். கேள்வியைக் கேட்காமலே திரும்பினாள். மாடிப்படி இறங்கும்போது, கேட்டிருந்தாலும் 'சௌக்கியமான்னு' என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அதை அப்போதும் அவள் நம்பவில்லை.