இரும்பு மனிதன் சொன்னது

சாத்தூரில் எங்கள் தெருமுனை டாக்கீஸைக் கல்யாண மண்டபம் ஆக்கியபோது, ஓடிக்கொண்டிருந்த படத்தை யாரும் நிறுத்தவில்லை. எனக்கு அது தாமதமாகத்தான் தெரியவந்தது. அதுவரை அந்தப் படத்தை வேறெங்கெல்லாமோ தேடிக்கொண்டிருந்தேன்.

சின்ன வயதில் அப்பாவோடு பார்த்த படம். பெயர் நினைவில்லை. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த இரும்பு மனிதன் ஒருவன், வயலில் உட்கார்ந்து சோறு கேட்டு அழுவான். பழைய படங்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களிடம் கேட்டேன். அப்படி ஒரு படம் வந்ததே இல்லை என்றார்கள்.

மண்டபத்து மேனேஜர் செண்பகராமன் வாசலில் நின்று சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"படம் பார்க்க வந்தேன்."

"அப்ப சாப்பாட்டு ஹாலைத் தாண்டிப் போங்க. சத்தம் போடாதீங்க, உள்ள ஆள் இருக்கு."

சாப்பாட்டு ஹால் நீண்டது. நடக்க நடக்க இலைகள் வந்துகொண்டே இருந்தன. பாயச வாளியோடு வந்தவர் பாதி வழியில் களைத்து உட்கார்ந்துவிட்டார். நாதஸ்வரம் கேட்காமல் போன இடத்தில் ஒரு கறுப்புத் திரைச்சீலை தொங்கியது. விலக்கினேன்.

பீடிப் புகை. இருட்டு. படம் ஓடிக்கொண்டிருந்தது.

அதே வயல். அதே இரும்பு மனிதன். ஆனால் அவன் ஏதோ அந்நிய பாஷையில் பேசினான். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. சின்ன வயதில் எல்லாமே புரிந்திருந்தது.

பக்கத்து நாற்காலியில் அப்பா இருந்தார். அன்றைக்கு இருந்த அதே வயதில், இப்போது என்னைவிட இளையவர். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டையில் தீக்குச்சி மருந்து வாசனை அடித்தது. என் காதருகே குனிந்தார்.

"பசிக்குதாம்."

"உங்களுக்கு இந்தப் பாஷை தெரியுமாப்பா?"

"தெரியாது."

"இரும்புக்குப் பசிக்குமா?"

"எம்புட்டுத் தூரம் வந்திருக்கான்."

அதன்பிறகு நான் திரையைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"படத்தப் பாரு," என்றார்.

பார்த்தேன். இரும்பு மனிதன் விண்கலத்தில் ஏறினான். கதவருகே திரும்பி நின்று பேச ஆரம்பித்தான். வெகுநேரம் பேசினான். அப்பா வாய் திறக்கவில்லை. இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"என்னப்பா சொல்றான்?"

"போயிட்டு வாரேங்கான்."

"இம்புட்டு நேரம் பேசுனானே."

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவுக பாஷையில அதுக்கு நெறைய வார்த்தை வேணும் போலிருக்கு," என்றார்.