மரத்தடியில் வைத்த பாட்டில்

பதினொன்றே கால் மணிக்கு மருந்துக்கடைக்காரர் மரத்தடிக்குத் திரும்பி வந்தபோது பாட்டில் அங்கே இல்லை.

வைத்த இடம் நன்றாக நினைவிருந்தது. வேர் இரண்டாகப் பிரியும் பள்ளத்தில் வைத்து, சாயாமல் இருக்க ஒரு கல்லை அண்டை கொடுத்திருந்தார். கல் அப்படியே இருந்தது. பள்ளத்தில் பாட்டிலின் அடிவட்டம் ஈரமாகப் பதிந்திருந்தது.

அதில் இருந்தது தண்ணீர் இல்லை. தண்ணீர் மாதிரி இருந்தது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஊர் எல்லை ஓடைக்கரையில் இருபத்து மூன்று பேர் கூடுவார்கள். எங்கிருந்தோ வந்து ஓடையின் இரு கரையையும் அடைத்துக்கொண்ட முள்மரத்தை வெட்டுவதும், அதன் நிழலில் மூச்சுமுட்டிக் கிடக்கும் பழைய மரங்களின் கன்றுகளைக் காப்பாற்றுவதும்தான் வேலை. முள்மரத்தை வெட்டினால் மட்டும் போதாது. ஒன்று வெட்டினால் அடுத்த மாதம் நாலாகத் துளிர்க்கும். வெட்டிய ஐந்து நிமிடத்துக்குள் அடிக்கட்டையில் களைக்கொல்லி மருந்தைத் தூரிகையால் பூச வேண்டும். அந்த மருந்துதான் மருந்துக்கடைக்காரர் பொறுப்பு. கூட்டத்தை நடத்தும் ஓய்வுபெற்ற டீச்சர், "அளந்து குடுக்கத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்று ஒப்படைத்திருந்தார். கூடவே ஒரு விதியும் சொல்லியிருந்தார்: மருந்து அதன் டப்பாவை விட்டு வெளியே போகக்கூடாது.

பத்தரை மணிக்கு டப்பாவின் அடி விரிசல் விட்டு ஒழுகியது. மிச்சம் அரை லிட்டர் இருக்கும். கையில் வேறு பாத்திரம் இல்லை. தன் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு மருந்தை அதில் ஊற்றினார். பூசிய கட்டை எது என்று தெரிவதற்காக வழக்கமாகக் கலக்கும் நீலச் சாயம் போன வாரமே தீர்ந்துவிட்டது. அச்சகக்காரர் எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளை பாட்டிலை இலவசமாகக் கொடுத்திருந்தார்.

கடையில் யாராவது இருமல் மருந்தைப் பாதி வேறு சீசாவில் ஊற்றித் தரச் சொன்னால் அவர் தரமாட்டார். "சீசா மாறினா உயிர் மாறிடும்" என்பார். முப்பது வருடமாகச் சொல்லிவந்த வாசகம்.

பாட்டிலை அப்படியே வைத்துவிடவில்லை. சட்டைப்பையில் இருந்த சிவப்புத் துணிக்கீற்று ஒன்றை அதன் கழுத்தில் கட்டினார். பிறகுதான் மனைவியின் தம்பி, எலக்ட்ரீஷியன், காலில் முள் ஏறிவிட்டது என்று கத்தினான். இடுக்கியை எடுத்துக்கொண்டு போனார். முள் ஆழமாக ஏறியிருந்தது. குடைந்தெடுக்க அரை மணி நேரம் ஆனது.

இப்போது பாட்டில் இல்லை.

அந்த நொடியே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. தானே தேடி எடுத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும் என்று தோன்றியது. அந்த நினைப்போடு நாலு நிமிடம் நடந்தார்.

வெயில் ஏறிவிட்டது. பார்க்கும் பக்கமெல்லாம் யாரோ ஒருவர் தலையை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். தபால்காரர் குடித்துவிட்டு வாயைப் புறங்கையால் துடைத்தார். அச்சகக்காரரின் மகள் பாதியைக் குடித்து மீதியைத் தோழியிடம் நீட்டினாள். தொண்டைகள் ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு பாட்டிலின் கழுத்தையும் பார்த்தார். சிவப்பு எங்கும் இல்லை. துணியை அவிழ்த்து எறிந்திருக்கலாம் என்று தோன்றியதும் நடையை எட்டிப் போட்டார்.

புதர் ஓரத்தில் மச்சினன் கண்ணை மூடிக் கிடந்தான். பக்கத்தில் காலி பாட்டில் உருண்டு கிடந்தது.

"மாப்ள."

அவன் அசையவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினார்.

"என்ன மாமா, முள்ளு இன்னும் பாக்கி இருக்கா? கால்ல பாதியத்தான் தோண்டிட்டீங்களே."

"இதுல என்ன குடிச்ச?"

"தண்ணிதான். வேற என்ன இருக்கும் இதுல, பாயசமா?"

அவர் பாட்டிலை மூக்கில் வைத்து முகர்ந்தார். உள்ளே ஒரு துளியை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். வழுக்கவில்லை. தண்ணீர்தான்.

"என்ன ஆச்சு மாமா?"

அவர் பாட்டிலைக் கீழே போட்டார். நேராக டீச்சரிடம் போனார். நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். டீச்சர் அவர் முகத்தை ஒருதரம் பார்த்தார். திட்டவில்லை. கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து மூன்று முறை ஊதினார். மூன்று விசில் என்றால் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

"யாரும் எதையும் குடிக்காதீங்க. பாட்டிலைக் கீழ வைங்க. மரத்தடியில இருந்து யாராவது எடுத்தீங்களா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் புரிந்ததும் தபால்காரர் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். யாரோ காறித் துப்பினார்கள். அச்சகக்காரரின் மகள் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் வரிசையில் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்துகொண்டே போனார். எல்லாமே தண்ணீர். டீச்சர் தலைகளை எண்ணினார். ஒரு தலை குறைந்தது.

"அக்கா எங்க?" என்றான் மச்சினன். பிறகு அவனே மெதுவாகச் சொன்னான்: "கன்னுப் பக்கம் போச்சு. நீங்க என் காலைக் குடைஞ்சுகிட்டு இருக்கும்போது போச்சு மாமா."

ஓடை வளையும் இடத்துக்கு அப்பால் கன்றுகள் இருந்தன. அங்கே நீர் கல்லில் விழும் சத்தத்தில் விசில் கேட்காது. அவர் ஓடினார். ஐம்பத்தாறு வயதில், பாதி வெட்டிய முள்ளுக்கு நடுவே. கால்சட்டை கிழிந்தது தெரியவில்லை. ஒரு வாய் உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து என்று டப்பாவின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. அந்த வரியை இந்த இரண்டு வருடத்தில் நூறு முறை மற்றவர்களுக்கு உரக்கப் படித்துக்காட்டியவர் அவர்தான்.

மனைவி நாலாவது கன்றின் முன்னால் குந்தியிருந்தாள். கையில் வெள்ளை பாட்டில், அதன் கழுத்தில் சிவப்புத் துணி. அதைத் தலைகீழாகப் பிடித்துக் கடைசிச் சொட்டுகளை உதறிக்கொண்டிருந்தாள். அவள் முகம் நனைந்திருந்தது. நெற்றி, கன்னம், உதடு எல்லாம்.

ஓடிப்போய்க் கையை நீட்டினார். பாட்டிலைத் தட்டிவிட்டார்.

"குடிச்சியா? சொல்லு. குடிச்சியா?"

"என்னங்க இது, பேயடிச்ச மாதிரி?"

"குடிச்சியான்னு கேக்குறேன்."

"நான் எதுக்குக் குடிக்கிறேன்? செவப்புத் துணி கட்டியிருந்துச்சு. கன்னுக்குன்னு யாரோ எடுத்து வெச்ச தண்ணியாச்சே."

வெட்டக்கூடாத கன்றுகளுக்கெல்லாம் அந்தக் கூட்டத்தில் சிவப்புத் துணிதான் கட்டுவார்கள். துணியைக் கிழித்து ஆளுக்குப் பத்துக் கீற்று கொடுப்பதும் அவள்தான். அவருடைய கடையில் சிவப்பு வேறு. தூக்கமாத்திரை, எலிமருந்து வைத்த தட்டுகளுக்கு அவரே ஒட்டிவைத்த நிறம். மரத்தடியில் அவருடைய கை கடையில் இருப்பதாக நினைத்துக் கட்டிவிட்டது.

"மூஞ்சி ஏன் ஈரமா இருக்கு?"

"வேர்த்துக் கொட்டுச்சு. கொஞ்சம் கையில ஊத்தித் தொடச்சேன். ஏன், அது என்ன?"

அவர் அவள் கையைப் பற்றினார். அவளை ஓடைக்குள் இழுத்துக்கொண்டு போனார். முகத்தைத் தண்ணீரில் அழுத்தித் தேய்த்தார். கண்ணைத் திறக்கச் சொல்லி ஊற்றினார். வாயைக் கொப்பளிக்க வைத்தார், மறுபடியும், மறுபடியும். இருமலுக்கு நடுவே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் எதிர்க்கவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

"உதட்டை நக்கினியா?"

"தெரியலைங்க. யாரு அதெல்லாம் ஞாபகம் வெச்சுக்குவா?"

ஆஸ்பத்திரியில் மருத்துவர் கண்களைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், டப்பாவை வாங்கிப் படித்தார். "சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் இங்கயே இருக்கட்டும். வாந்தி, வயித்துவலி, மூச்சுத்திணறல் எது வந்தாலும் உடனே கூப்பிடுங்க" என்றார். ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. மணி ஒன்று.

இரண்டு மணிக்கு மச்சினன் நொண்டிக்கொண்டு வந்தான். நாலு கன்றையும் சுற்றி முழங்கை ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டார்களாம். வேரை ஓடைத் தண்ணீரில் அலசி வேறு குழியில் வைத்திருக்கிறார்களாம். டீச்சரே மண்வெட்டி பிடித்தாராம்.

"பொழைக்குமா?" என்று கேட்டார்.

"தெரியாது மாமா. பத்து நாள் ஆகும்னு டீச்சர் சொல்றாங்க." அக்காவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அதுகிட்ட இப்ப சொல்லாதீங்க."

அந்த நாலும் அவள் வளர்த்தவை. பதினான்கு மாதம் குளியலறை ஜன்னலில், பால் பாக்கெட்டில் விதை போட்டு, தினமும் கப்பில் மொண்டு ஊற்றி.

மூன்று மணிக்கு அவள் தூங்கிவிட்டாள். அவர் குனிந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தார். வந்தது. வழக்கத்தைவிட மெதுவாக வருகிற மாதிரி இருந்தது. வழக்கம் என்ன என்று யோசித்தார். இருபத்தெட்டு வருடம் பக்கத்தில் படுத்தவருக்கு அது தெரியவில்லை. தூக்கமும் ஒரு அறிகுறியா? நர்ஸிடம் கேட்டார். வெயிலில் வேலை பார்த்த அசதியாக இருக்கும் என்றாள். இருக்கும் என்றுதான் சொன்னாள். பத்து நிமிடம் பொறுத்துத் தோளைத் தொட்டு எழுப்பினார். இன்னொரு பத்து நிமிடத்தில் மறுபடியும்.

நாலாவது முறை அவள் கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"செத்துட்டா நானே சொல்றேன். இப்ப தூங்க விடுங்க."

மச்சினன் சிரித்துவிட்டான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பது.

"ஏங்க," என்றாள். இப்போது கண் திறந்திருந்தது. "அது கன்னையும் கொன்னுடும்தானே?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நாடி கட்டைவிரலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அதை எண்ண ஆரம்பித்தார்.