தங்கராஜு பஸ்

ஒருவர் கையில் போனைக் கொடுத்து ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். அதன் பிறகு வாயைத் திறக்கக் கூடாது. ஷர்மினியின் வேலை அதுதான். "ஆப் எப்படி இருக்கு?" என்று கேட்டால் எல்லாரும் நல்லா இருக்கு என்றே சொல்வார்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று பார்த்தால்தான் ஆப் எங்கே தடுக்கிறது என்பது தெரியும்.

கெலாங் பாத்தாவில் இருந்த அவளுடைய கம்பெனி, தொழிற்சாலை பஸ்களில் இடம் பதிவு செய்யும் ஆப் ஒன்றை வெளியிட இருந்தது. அதற்கு முன் பயணிகளோடு உட்கார்ந்து பார்க்க ஒரு மாதம் வேண்டும் என்று டைரக்டர் பரமேஸ்வரனிடம் கேட்டு அறிக்கை மேல் அறிக்கை கொடுத்திருந்தாள். "நம்ம ஆளுங்களுக்கு பஸ் ஏறத் தெரியாதா?" என்பார் அவர்.

இந்த வாரக் கூட்டத்தில் வீடியோவைப் போட்டாள்.

அதில் மாசாய் ஊரின் ஃப்ளாட் ஒன்றில் பயணி காளியம்மா, ஃபேக்டரி சட்டையோடு, போனைப் பிடித்திருந்தார். தேடும் பெட்டியில் பஸ்ஸின் தட எண்ணை அடிக்க வேண்டும். அவர் எழுத்தெழுத்தாகத் தேடி தங்கராஜு என்று அடித்தார். அப்படி எதுவும் இல்லை என்றது ஆப். மறுபடியும் அடித்தார்.

"நேத்துகூட தங்கராஜு பஸ்லதானேம்மா வந்தேன்? நான்தான் தப்பா அமுக்குறேன் போல. படிக்காதவ பாரு."

கூட்ட அறையில் சிரிப்பு எழுந்தது.

"அலமாக், ஃபேஸ்புக்னு நெனச்சு டிரைவர தேடுது லா," என்றார் பரமேஸ்வரன். சிரிப்பு கூடியது.

ஷர்மினிக்குக் காது சுட்டது. மாசாயில் பஸ்ஸை யாரும் எண்ணால் சொல்வதில்லை. வண்டி மாறும், தடம் மாறும், ஓட்டுநர் மட்டும் மாறுவதில்லை என்று விளக்கினாள். சிரிப்பு அடங்கியது.

"அப்போ டிரைவர் பேர போட்டாலும் வரணும்," என்றார் பரமேஸ்வரன் மெதுவாக.

"இந்த மாதிரி இன்னும் என்னென்ன இருக்குனு பாக்கத்தான் சார் ஒரு மாசம் கேட்டேன்."

"எடுத்துக்கோ. ஆனா திங்கக்கிழமை முதலீட்டாளருங்க வராங்க. இதே வீடியோவ போடு. அவங்க சரின்னாதான் உனக்கு அந்த மாசம்."

கேமராவைத் திறக்கும் முன் காளியம்மாவிடம் ஷர்மினி சொல்லியிருந்தாள்: "உங்கள சோதிக்கல ஆன்ட்டி, ஆப்பதான் சோதிக்கிறோம். நான் மட்டுந்தான் பாப்பேன்." கூட்டத்தில் முகத்தையாவது மறைத்திருக்கலாம். மறைத்தால் அறிக்கைகளைப் போல இதுவும் எடுபடாமல் போகுமோ என்று பயந்து, அப்படியே போட்டுவிட்டாள்.

அன்று மாலை மாசாய்க்குப் போய், க்ரில் கதவுக்கு வெளியே நின்றபடியே நடந்ததைச் சொன்னாள்.

"சிரிச்சாங்களா?" என்று கேட்டார் காளியம்மா.

"ஆமா ஆன்ட்டி."

"குடு, பாப்போம்."

கம்பிகளுக்கு இடையே கைநீட்டி போனை வாங்கி, முடியும்வரை பார்த்தார்.

"இப்படியா முழிச்சிக்கிட்டு இருந்தேன்?"

"முகம் தெரியாம பண்ணிடறேன். திங்கக்கிழமை மட்டும் போட்டுக்கவா?"

"என் குரல் போதும்மா, தெரிஞ்சவங்களுக்கு. அழிச்சிடு."

ஷர்மினி அழித்தாள். அழித்தது போனின் குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும் என்று சொல்லி, அங்கிருந்தும் அழித்துக் காட்டினாள்.

"ஆபீஸ்ல ஒரு காப்பி இருக்கு ஆன்ட்டி. நாளைக்கு அதையும்..."

"அத நான் எப்படிம்மா நம்புறது?"

காளியம்மாவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு ஷர்மினி பரமேஸ்வரனை அழைத்தாள்.

"சார், அந்த வீடியோவ அழிச்சிட்டேன். ஆபீஸ்ல இருக்கறதையும் அழிக்கணும். காட்ட மாட்டேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு காட்டிட்டேன்."

"அப்போ திங்கக்கிழமை என்னத்த காட்டுவ?"

"தெரியல சார்."

"அழிச்சா அந்த ஒரு மாசமும் இல்ல, பாத்துக்கோ," என்றார் அவர்.

க்ரில்லுக்கு அந்தப் பக்கம் காளியம்மா கேட்டுக்கொண்டு நின்றார். ஷர்மினியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "சரி சார்" என்றாள்.